சேலத்திலிருந்து போர்னியோ காட்டுக்கு: பிள்ளைகளுடன் வெளிநாட்டு வனவிலங்குப் பயணத்தைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் ஊர்க் குடும்பங்கள் முதலில் நாட்டை முடிவு செய்கின்றன, அடுத்து விமானக் கட்டணத்தைப் பார்க்கின்றன, கடைசியாகத்தான் அங்கே என்ன பார்ப்பது என்று யோசிக்கின்றன. கட்டடங்களையும் கேளிக்கைப் பூங்காக்களையும் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த வரிசையால் பெரிய நட்டம் இல்லை. விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் இதை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த விலங்கு, அது எந்த மாதத்தில் எந்த இடத்தில் இருக்கும், ஒரு நாளில் எந்த நேரத்தில் வெளியே வரும், அந்த நேரத்தில் நம் பிள்ளை விழித்திருக்குமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே பயணச்சீட்டைத் தொட வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

எந்த நாடு, எந்த விலங்கு

சேலத்துக் குடும்பத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் நான்கு தேர்வுகள் இருக்கின்றன. இலங்கை மிக அருகில் உள்ளது, செலவும் குறைவு. உடவளவையில் ஆண்டு முழுவதும் யானைகளைக் காணலாம். மின்னேரியாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்டு வரும் ஏரிக்கரையில் யானைக் கூட்டங்கள் ஒன்றுசேரும். யாலாவில் சிறுத்தையைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை முதுமலையிலும் பந்திப்பூரிலும் நாம் பார்க்கக்கூடிய விலங்குகளே. கடல் கடந்து செல்வதானால் நம் நாட்டில் இல்லாத ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டுவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

கென்யாவின் மசாய் மாராவில் ஜூலை முதல் அக்டோபர் வரை காட்டுமான் கூட்டங்கள் இடம்பெயரும் காட்சிக்கு உலகில் இணை இல்லை. நம் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களோ அங்கே நீண்ட மழைக்காலம். அத்துடன், கென்யா சென்று திரும்பும் ஒவ்வொருவரும் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அதற்கான சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வருவோரை நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் இந்த ஊசிக்காகச் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் வரை செல்ல நேரிடும்.

ஆஸ்திரேலியா பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் நாடு. மே மாதம் அங்கே இலையுதிர் காலத்தின் முடிவு, ஜூன் குளிர்காலத்தின் தொடக்கம் என்பதால் மெல்போர்ன் பகுதியில் மாலை ஐந்து, ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிலிப் தீவில் குட்டிப் பென்குவின்கள் இருட்டிய பின்னரே கடலிலிருந்து கரையேறுகின்றன; கோடையில் அதற்கு இரவு ஒன்பது மணிவரை காத்திருக்க வேண்டும், குளிர்காலத்தில் பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு வெகு முன்பே பார்த்துவிடலாம். விசா கட்டணமும் விமானக் கட்டணமும் அதிகம் என்பதுதான் தடை. நான்கு பேருக்கு விசா கட்டணம் மட்டுமே கணிசமான தொகை ஆகும்.

நான்காவது, மலேசியாவின் சபா மாநிலம். போர்னியோ தீவின் வடமுனையில் உள்ள இந்த மாநிலத்தில் உராங்குட்டானையும் நீள்மூக்குக் குரங்கையும் அவற்றின் சொந்தக் காட்டிலேயே பார்க்கலாம். இரண்டாவது விலங்கு போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. இங்குள்ள எட்டு வகை இருவாச்சிப் பறவைகளையும் ஒரே ஆற்றங்கரையில் காண வாய்ப்பு இருக்கிறது. சபாவின் கிழக்குப் பகுதியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கனமழை பெய்யும்; ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒப்பீட்டளவில் மழை குறைவு. ஆகவே நம் பள்ளிகளின் கோடை விடுமுறை அங்குள்ள நல்ல பருவத்தோடு ஒத்துப்போகிறது. ஆவண வேலையும் குறைவு, திருச்சியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. இந்த வழிகாட்டியின் எஞ்சிய பகுதி சபாவையே எடுத்துக்கொள்கிறது. வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் படிகள் பெரிதும் இவையே.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றில் படகுச் சவாரி ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீடிக்கும். திறந்த படகில், எழுந்து நடமாடாமல், குரலைத் தாழ்த்தி அவ்வளவு நேரம் உட்கார முடியாத ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை இந்தப் பயணத்துக்கு அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்கே இது மிகவும் ஏற்றது.

ஆவணங்கள்: ஆறு மாதம் முன்பே

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குவோம். சேலம் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு சென்றால், வேறு ஊருக்கு அலையாமலேயே வேலை முடியும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய். பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். அவசரமாகத் தட்கலில் எடுப்பதானால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 2,000 ரூபாய். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மற்றவர்களை அங்கேயே படம் எடுத்துக்கொள்வார்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும், பெற்றோருடைய பாஸ்போர்ட்டுகளின் நகலும் தேவை.

பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் வகுப்பில் எடுத்தது ஏழாம் வகுப்பில் காலாவதியாகிவிடும். பயணம் செய்யும் நாளில் குடும்பத்தில் அனைவருடைய பாஸ்போர்ட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். பெற்றோருடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையுடையதைப் பார்க்காமல் விமானச்சீட்டு எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கப்படுவதில்லை. அதை விரித்துத் தந்தையின் பெயராக எழுத வேண்டும். சிலருக்கு அது குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு விதமாகவும் மகளுக்கு வேறு விதமாகவும் அமைந்திருப்பது இயல்பு. விமானச்சீட்டில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு விதி உண்டு. பணம் கட்டும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பெயரைத் திருத்துவதற்கு ஆகும் செலவு சில வேளைகளில் புதுச் சீட்டின் விலையை நெருங்கிவிடும்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் செல்லலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதற்குப் பிந்தைய பயணமானால் அப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விசா இல்லாவிட்டாலும், நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் மின்னணு வருகை அட்டையைப் பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். இது இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நின்று பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. திரும்பும் விமானச்சீட்டு, தங்குமிட முன்பதிவு, போதிய பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துச் செல்வதானால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் ஒன்றும் கோப்பில் இருக்கட்டும்.

சபாவுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. கோலாலம்பூரில் முத்திரை வாங்கிக்கொண்டு, சபாவின் கிழக்குக் கரை நகரமான சண்டாக்கானில் இறங்கினால் அங்கே மீண்டும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டுகளைப் பெரிய பெட்டிக்குள் வைத்து ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.

விமானமும் வழியும்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சி விமான நிலையம் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து கோலாலம்பூர் சுமார் நான்கு மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கான் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே மூச்சில் இவ்வளவையும் செய்து முடிக்கத் தாளில் இடமிருப்பது போலத் தோன்றினாலும் செய்யாதீர்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் உள்ளன. வந்து இறங்குவது ஒன்றிலும் புறப்படுவது மற்றதிலும் அமைந்தால், குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, முனையம் மாறுவது, மீண்டும் பெட்டி போடுவது என்று தூங்கி வழியும் பிள்ளைகளுடன் நாலு மணி நேரம் கூடப் போதாது. அங்கே ஒரு நாள் தங்குவது நல்லது.

அந்த ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் இந்தியர்கள் மிகுந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இட்லி கிடைக்கும், தமிழில் பேசி வழி கேட்கலாம். பத்துமலையின் 272 படிகளில் ஏறினால் பிள்ளைகளின் கால்கள் விமானச் சோர்விலிருந்து விடுபடும். ஏத்தாப்பூர் பக்கம் முத்துமலையில் 146 அடி முருகனைப் பார்த்த பிள்ளைகள் இங்குள்ள சிலையின் உயரத்தைக் கேட்டு, நம்முடையது கொஞ்சம் பெரியது என்று கணக்குப் போட்டு மகிழ்வார்கள். அந்தப் படிகளிலேயே நீண்ட வால் குரங்குகள் தின்பண்டப் பையைப் பறிப்பதையும் பார்ப்பார்கள். மூன்று நாள் கழித்து ஆற்றங்கரையில் அதே இனக் குரங்கு மனிதரைச் சட்டை செய்யாமல் தன் வேலையைப் பார்ப்பதைக் காணும்போது, உணவு ஊட்டிப் பழக்கிய குரங்குக்கும் காட்டுக் குரங்குக்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்கவே தேவையிருக்காது.

நாட்களைப் பங்கிடுதல்

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். இதை மட்டும் நிதானமாகச் செய்தால் மற்றவற்றில் ஏற்படும் சிறு குறைகள் பெரிதாகத் தெரியாது.

சண்டாக்கானிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் செபிலோக் இருக்கிறது. தாயை இழந்த உராங்குட்டான் குட்டிகளையும், வீடுகளில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டவற்றையும் மீட்டு, மரம் ஏறவும் கூடு கட்டவும் பழக்கி, மீண்டும் காட்டுக்குள் விடும் மறுவாழ்வு மையம் 1964 முதல் இங்கே இயங்கி வருகிறது. ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட காட்டின் விளிம்பில் உள்ள மேடையில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் பழங்களை வைப்பார்கள். விலங்குகள் வரலாம், வராமலும் போகலாம். காட்டில் மரங்கள் நிறையப் பழுத்திருக்கும் காலத்தில் மேடைக்கு வருபவை குறைந்துவிடும். அது அந்த மையம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான அடையாளம். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஏமாற்றத்தோடு வெளியே வருவதைவிட, ‘எல்லாம் காட்டுக்குள்ளேயே சாப்பிடப் போய்விட்டன’ என்று புரிந்துகொண்டு வெளியே வருவது மேல். சிறு குட்டிகள் கயிற்றில் தொங்கிப் பழகும் திறந்தவெளிக் கூடத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் குளிர்சாதன அறையில் அமர்ந்து பார்க்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் அங்கிருந்து நகரவே மறுப்பார்கள்.

பைகளையும் உணவையும் வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே போகக் கூடாது. மனிதனின் சுவாச நோய்கள் உராங்குட்டானுக்கும் தொற்றும். ஆகவே அந்த நாளில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அட்டவணையில் இடம் விட்டு வையுங்கள். செபிலோக்கில் இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிட்டால் அந்த இடம் தானாகவே கிடைத்துவிடும். பக்கத்திலேயே சூரியக் கரடிகளின் மீட்பு மையம் இருக்கிறது. உலகின் கரடி இனங்களில் இதுவே மிகச் சிறியது. சற்றுத் தள்ளி மழைக்காட்டு அறிமுக மையத்தில், மர உச்சிகளின் உயரத்தில் இரும்புப் பாலம் அமைத்திருக்கிறார்கள். சூரியன் மறையும் நேரத்தில் அந்தப் பாலத்தில் நின்றால், செந்நிறப் பறக்கும் அணில்கள் மரப்பொந்திலிருந்து வெளியே வந்து, கிளையின் நுனிவரை ஏறி, நான்கு கால்களையும் விரித்து எதிர் மரத்துக்கு மிதந்து செல்வதைப் பார்க்கலாம்.

அடுத்தது கினபத்தாங்கான் ஆறு. 560 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு மலேசியாவின் இரண்டாவது நீளமான ஆறு. சுக்காவ், பிலிட் ஆகிய கிராமங்களில் ஆற்றங்கரை விடுதிகள் உள்ளன. தங்குமிடம், உணவு, படகு, வழிகாட்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்குவார்கள். சண்டாக்கானிலிருந்து தரைவழியாகச் செல்ல இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த வழி நெடுகிலும் சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டமே வரும். ‘காடு எங்கே?’ என்று பிள்ளை கேட்கும். நம் ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் பாக்கெட்டில் தொடங்கி விடை சொல்லலாம். இந்தத் தோட்டங்கள் விழுங்கியது போக எஞ்சிய காடு ஆற்றின் இருகரைகளிலும் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் சுமார் 26,000 ஹெக்டேரை 2005-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். படகிலிருந்து இத்தனை விலங்குகளை இவ்வளவு எளிதாகப் பார்க்க முடிவதற்கு அவை போக வேறு இடமில்லாமல் ஆற்றோரத்தில் நெருங்கி வாழ்வதும் ஒரு காரணம். விளம்பரத் தாள்கள் இதைச் சொல்வதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

நீள்மூக்குக் குரங்குகள் பகலில் காட்டுக்குள் இலை தின்றுவிட்டு, மாலையில் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வருகின்றன. இலைகளை நொதிக்க வைக்கும் பெரிய இரைப்பை இருப்பதால் வயிறு பானை போல முன் தள்ளியிருக்கும். வளர்ந்த ஆண் குரங்கின் மூக்கு வாய்க்குக் கீழே தொங்கும். எனவே மாலை நான்கு மணிப் படகைத் தவறவிடக் கூடாது. அதிகாலைப் படகு இருவாச்சிகளுக்கும் மூடுபனியில் பசியாறும் உராங்குட்டானுக்கும் ஏற்றது. இரவுப் படகில் தூங்கும் மீன்கொத்திகள், ஆந்தைகள், நீர்ப்பரப்பில் விளக்கொளி பட்டு மின்னும் முதலைக் கண்கள்.

இங்கேதான் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை ஆறு மணிப் படகு என்றால் சேலத்துப் பிள்ளையின் உடலுக்கு அது விடியற்காலை மூன்றரை. அதே கணக்கில் அங்கே இரவு எட்டு மணி என்பது நமக்கு மாலை ஐந்தரை. பிள்ளை முழு விழிப்போடு துள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே ஆற்றங்கரையில் முதல் நாள் மாலைப் படகையும் இரவுப் படகையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் அதிகாலைப் படகுக்குப் பிள்ளைகளை எழுப்பாமல் தூங்க விடுங்கள். மூன்றாம் நாள் காலையில் அவர்களே எழுந்துவிடுவார்கள். பல விடுதிகள் விற்கும் இரண்டு நாள், ஓர் இரவுத் தொகுப்பு இதனால்தான் குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை. குறைந்தது இரண்டு இரவுகள், முடிந்தால் மூன்று. போர்னியோவின் குட்டை யானைகள் கரையோரமாக ஊர்ந்து ஊர்ந்து இடம் மாறுபவை. அவை எந்த வளைவில் இருக்கின்றன என்பதைப் படகோட்டிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கூடுதலாக ஓர் இரவு தங்குபவருக்கே அந்தச் செய்தி பயன்படும்.

விடுதிக்கு எழுதும்போது கேட்க வேண்டியவை சில. பிள்ளைகளின் அளவுக்கு மிதவைச் சட்டை இருக்கிறதா? ஒரு படகில் எத்தனை பேர்? விலங்கு எதிர்ப்பட்டால் மோட்டாரை அணைத்துவிடுவார்களா? குரங்குகளுக்கு உணவு போட்டு அழைப்பதுண்டா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால் வேறு விடுதியைப் பாருங்கள். செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் நீள்மூக்குக் குரங்குகளுக்கு உணவிட்டு அருகில் காட்டும் லாபுக் விரிகுடா மையத்தையும் பல முகவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். ஆற்றுக்குப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

சபாவின் கிழக்குக் கடலோரம் 2013 முதல் சிறப்புப் பாதுகாப்பு மண்டலமாக உள்ளது. கடந்த காலத்தில் அப்பகுதித் தீவு விடுதிகளிலிருந்து ஆட்களைக் கடத்திய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. செபிலோக்கும் கினபத்தாங்கான் ஆற்றங்கரையும் வழக்கமான சுற்றுலா வழியில் இருப்பவை. ஆயினும் ஆமைத் தீவு போன்ற கடல் பயணங்களைப் பிள்ளைகளோடு செல்லும் முதல் பயணத்தில் நான் சேர்க்க மாட்டேன். பயணக் காப்பீடு எடுக்கும்போது, பாலிசியில் விலக்கப்பட்ட பகுதிகள் எவை என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மே 30, 31 ஆகிய நாட்கள் சபாவின் அறுவடைத் திருநாளான காமாத்தான். அந்த வாரத்தில் உள்ளூர்க் குடும்பங்களே ஊர் சுற்றக் கிளம்புவதால் அறைகள் கிடைப்பது அரிது. மே முதல் மூன்று வாரங்களே நமக்கு வசதி.

பணம்

சீட்டும் விடுதியும் செலவில் பெரும்பங்கு. முகவர் மூலம் வெளிநாட்டுத் தொகுப்பாக வாங்கினால், தொகையோடு டிசிஎஸ் என்ற வரியையும் சேர்த்துப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை கைப்பணம் முடங்கும். அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விடுதிக்கு நேரடியாக எழுதிப் பதிவு செய்வதே நான் விரும்பும் வழி. விலையும் பெரும்பாலும் குறையும், சைவ உணவு முதல் படகு நேரம் வரை கேள்விகளுக்கு நேரடி விடையும் கிடைக்கும். ஆற்றங்கரைக் கிராமங்களில் ஏடிஎம் எதிர்பார்க்க வேண்டாம். சண்டாக்கானிலேயே சிறு தாள்களாக ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஒத்திகை

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, வார இறுதிகளில் சேர்வராயன் மலையை ஒத்திகைக் களமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்த வசதி சென்னைக்காரர்களுக்கு இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள், எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், அதை எவ்வளவு நேரம் முன்பு கொடுக்க வேண்டும் என்பதை ஒரே பயணத்தில் காட்டிவிடும். மேலே போனதும் காப்பித் தோட்டத்து ஓரத்தில் மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் பேசாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் பெரியவரின் கைப்பேசியே எதிரி. பிறகு சில்வர் ஓக் மரத்தில் ஒரு மரங்கொத்தி தட்டும் ஓசை கேட்கும். தட்டும் ஓசை எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் விரலால் காட்டத் தொடங்குவார்கள். தோட்டச் சாலைகளில் காட்டெருமை எதிர்ப்பட்டால் வண்டியை விட்டு இறங்காமல் தூரத்திலிருந்தே பார்ப்பது, வளைவுகளில் நிற்கும் குரங்குகளுக்கு எதையும் எறியாமல் இருப்பது ஆகிய இரண்டும் இங்கேயே கைவர வேண்டும். அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தால், கூண்டில் பார்ப்பதற்கும் காட்டில் தேடுவதற்கும் எவ்வளவு பொறுமை வேறுபடுகிறது என்று பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள்.

பைனாகுலரையும் இங்கேயே பழக்க வேண்டும். பெரியவர்களுக்கு 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மில்லிமீட்டர்) நல்லது. பிள்ளைக்கு அது கனமாக இருக்கும். எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கும் கருவி சிறு கைகளில் ஆடும், எதுவும் தெரியாது. கடையிலேயே பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்: இரு குழல்களும் குழந்தையின் கண் இடைவெளிக்கு நெருங்கி வராவிட்டால் அந்தக் கருவி வேண்டாம். ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டாலும், பிள்ளைகளுக்கென்று ஒன்று தனியாக இருக்கட்டும். இல்லையென்றால் குரங்கு தாவி மறையும்வரை படகில் சண்டைதான் நடக்கும்.

பெட்டி, உணவு, உடல்நலம்

மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டைகள், சீக்கிரம் காயும் துணிகள், குடைக்குப் பதிலாக மழை அங்கி, அட்டைகள் ஏறாத நீளமான காலுறை. மலேசியாவில் செவ்வக முனை மூன்று கொண்ட பிளக்கே பொருந்தும், அடாப்டர் தேவை. கேமரா, கைப்பேசிகளுக்கு நீர் புகாத பை ஒன்று போதும்.

சைவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மலேசியச் சமையலில் வெறும் கீரைப் பொரியல் போலத் தெரிவதில்கூடப் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். காய்கறி மட்டும் என்று சொன்னால் போதாது. பெலாச்சான் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டுமா வேண்டாமா என்று விடுதிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, தட்டுவடைப் பொட்டலம் ஆகியவை ஆற்றங்கரையில் இரண்டு வேளையைக் காப்பாற்றும். மே மாதம் என்பதால் மாம்பழம் கொண்டுபோகும் ஆசை சேலத்துக்காரர் எவருக்கும் வரும். புதிய பழங்களை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுசெல்ல முடியாது, மல்கோவாவை வீட்டிலேயே தின்றுவிட்டுப் புறப்படுங்கள். ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே கையிலுள்ள உணவுப்பொருள்களை நுழைவு அட்டையில் எழுதித் தெரிவிக்காவிட்டால் அபராதம்.

உடல்நலத்துக்கு ஆறு வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வழக்கமான தடுப்பூசிகள் முழுமையாக உள்ளனவா என்பதோடு, டெட்டனஸ், டைபாய்டு, கல்லீரல் அழற்சி ஊசிகளைப் பற்றியும் கேளுங்கள். சபாவில் டெங்கு உண்டு; குரங்குகளிடமிருந்து கொசு மூலம் மனிதருக்குப் பரவும் ஒருவகை மலேரியாவும் உண்டு. அதனால் மாலையில் கைகால் மூடிய ஆடையும், பிள்ளையின் வயதுக்கு ஏற்ற கொசு விரட்டி மருந்தும் கட்டாயம். மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, வெப்பமானி ஆகியவற்றை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். எந்தக் குரங்காவது கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

கடைவீதியில் பவளம், ஆமை ஓடு, விலங்கின் பல் கோத்த மாலை போன்றவை கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவருவது பன்னாட்டு ஒப்பந்தத்தின்படியும் நம் வனவிலங்குச் சட்டத்தின்படியும் குற்றம். சுங்கத்தில் பிடிபட்டால் விளக்கம் எடுபடாது.

ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் பிள்ளைக்கோ உங்களுக்கோ காய்ச்சல் வந்தால், வழக்கமான வைரஸ் காய்ச்சல் என்று இரண்டு நாள் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எந்தத் தேதியில் சபாவின் எந்தக் காட்டுப்பகுதியில் தங்கினீர்கள் என்பதை முதலில் சொல்லி, மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.